சிரித்தது யார்? ‘அமடேயஸ்’ படம் காட்டும் போட்டியும் பார்வையும்



இந்த முறை நம் பாடத்துக்கு ஒரு திரைப்படம். அதற்கு முன்னால் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மூன்றாம் படிவம் படித்த வருஷம், எங்கள் ஊர்க் கோயிலில் திருமுறை ஓதும் போட்டி வைத்தார்கள். இரண்டு மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து பயிற்சி செய்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம். “முருகா, முதல் பரிசு மட்டும் வாங்கிக் கொடுத்துடு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்” என்று வேண்டுதல் வேறு. என்னோடு சமய வகுப்பில் ஒரு நண்பன் இருந்தான். பாதி நாள் வகுப்புக்கே வரமாட்டான். அவனும் அன்றைக்கு மேடையேறிப் பாடினான். முதல் பரிசு அவனுக்கு, இரண்டாவது எனக்கு. கோப்பையை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பத்து வருஷம் நான் மறக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஒரே கதைதான்: “பயிற்சியே பண்ணாம வந்து ஜெயிச்சிட்டு, என்னைப் பார்த்து நக்கலாச் சிரிச்சான்.”

இந்தக் கதையைச் சொன்னவன் யார்? தோற்றுப்போனவன். அப்படியென்றால் கதையை எவ்வளவு தூரம் நம்பலாம்? கேட்டவர்கள் யாரும் இதை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. ‘அமடேயஸ்’ படம் பார்த்த பிறகுதான் யோசித்தேன்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம்

‘அமடேயஸ்’ 1984இல் வெளிவந்தது. இயக்கியவர் மிலோஷ் ஃபோர்மன். பீட்டர் ஷாஃபர் 1979இல் மேடையேற்றிய நாடகத்தை வைத்து எடுத்த படம், திரைக்கதையும் அவருடையதே. சிறந்த படம் உட்பட எட்டு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. இரண்டு கதாநாயகர்களின் பெயருமே சிறந்த நடிகர் பட்டியலில் இருந்தது. மொஸார்ட்டாக நடித்தவர் டாம் ஹல்ஸ், சாலியேரியாக நடித்தவர் எஃப். முர்ரே ஆபிரகாம். விருது சாலியேரிக்குப் போனது. படத்தில் தோற்றவன் மேடையில் ஜெயித்தான்!

கதை நடப்பது வியன்னா நகரில், பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் அவையில். சாலியேரி அரசவை இசையமைப்பாளர். பணம், பதவி, மரியாதை எல்லாம் இருக்கிறது. அந்த ஊருக்கு மொஸார்ட் என்ற இளைஞன் வருகிறான். வாய் அடக்கம் இல்லை, காசு நிற்பதில்லை, சிரித்தால் குதிரை கனைப்பது போல இருக்கும். ஆனால் அவன் எழுதும் இசை வேறு உலகத்தில் இருந்து வருகிறது. இதைத் தாங்க முடியாமல் சாலியேரி அவனை அழிக்க முடிவு செய்கிறார்.

இவ்வளவுதான் கதை. ஆனால் இந்தக் கதையை நமக்குச் சொல்கிறவர் சாலியேரி. நம் பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாடம் 1: கதை யார் வாயில் இருந்து வருகிறது?

படம் தொடங்கும்போது மொஸார்ட் இறந்து 32 வருஷம் ஆகிவிட்டது. கிழவராகிவிட்ட சாலியேரி, மொஸார்ட்டைக் கொன்றது தான்தான் என்று கத்திக்கொண்டே தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறார். பிழைத்துவிடுகிறார். மனநல விடுதியில் சேர்க்கிறார்கள். அங்கே ஓர் இளம் பாதிரியார் அவருடைய பாவமன்னிப்பைக் கேட்க வருகிறார். படம் முழுக்க அந்த அறையில், அந்தப் பாதிரியாரிடம், சாலியேரி சொல்லும் கதைதான்.

முதல் சில நிமிஷங்களிலேயே ஒரு காட்சி. சாலியேரி தான் எழுதிய மெட்டுகளை வாசித்துக் காட்டி, இது தெரியுமா என்று கேட்கிறார். பாதிரியாருக்குத் தெரியவில்லை. பாவம், சங்கடப்படுகிறார். பிறகு இன்னொரு மெட்டு. பாதிரியார் முகம் மலர்ந்து தானே முணுமுணுக்கிறார், இதை நீங்கள் எழுதியது என்று தெரியாமல் போயிற்றே என்கிறார். அது என்னுடையது இல்லை, மொஸார்ட்டுடையது என்கிறார் சாலியேரி.

கவனியுங்கள். ஒரு கொலைக் கதையை எதிர்பார்த்து உட்கார்ந்த நமக்கு, இயக்குநர் முதலில் ஒரு காயத்தைக் காட்டுகிறார். இந்த மனிதரின் பாட்டு அவர் உயிரோடு இருக்கும்போதே செத்துவிட்டது. அந்தக் காயத்தைப் பார்த்த பிறகு நாம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். வில்லன் என்று தெரிந்தும் அவர் தோள்மேல் இருந்துதான் மொஸார்ட்டைப் பார்க்கிறோம்.

நமக்குத் தெரிந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2011 பொங்கலுக்கு வந்த வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’ நினைவிருக்கிறதா? அதிலும் பொறாமைதான் கதை. சேவல் சண்டையில் பேர்பெற்ற பேட்டைக்காரன், ஜெயிக்காது என்று தான் ஒதுக்கிய சேவலைச் சிஷ்யன் கருப்பு களத்தில் விட்டு ஜெயித்ததைத் தாங்க முடியாமல் போகிறார். ஆனால் அங்கே நாம் பெரும்பாலும் கருப்பு பக்கத்தில் நிற்கிறோம். அதனால் குரு செய்யும் ஒவ்வொரு காரியமும் நம் முதுகில் விழுந்த அடி போல இருக்கிறது. ‘அமடேயஸ்’ படத்தில் நாம் பேட்டைக்காரன் பக்கத்தில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பொறாமைதான், நிற்கிற இடம் மட்டும் வேறு. அடிக்கிறவனின் கை வலி நமக்குத் தெரிகிறது. நிற்கிற இடம் மாறினால் யார்மீது இரக்கம் வருகிறது என்பதும் மாறிவிடும்.

பாடம் 2: அவருக்கு உண்மையில் என்ன வேண்டும்?

ஒரு பாத்திரத்தைப் புரிந்துகொள்ள, அவன் என்ன செய்கிறான் என்பதைவிட எதற்காகச் செய்கிறான் என்று பார்க்க வேண்டும். சாலியேரிக்குப் பணம் வேண்டாம், பதவியும் கையில் இருக்கிறது. பேரரசரே பாராட்டுகிறார். பிறகு ஏன் இந்த எரிச்சல்?

காரணம் சின்ன வயதில் அவர் வைத்த ஒரு வேண்டுதல். கடவுளே, உன் புகழை நான் இசையில் பாடுவேன். என்னையும் உலகம் கொண்டாட வேண்டும். பதிலுக்கு என் பிரம்மசரியம், என் உழைப்பு, என் பணிவு எல்லாம் உனக்கு. இதுதான் அந்தச் சிறுவனின் பேரம். இசைக்குத் தடையாக இருந்த அப்பா சாப்பாட்டு மேசையில் முள் சிக்கி இறந்துபோகிறார். பையன் அதைக் கடவுள் போட்ட கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறான்.

இப்போது யோசிச்சுப் பாருங்க. ஒப்பந்தத்தில் தன் பங்கை ஒழுங்காகச் செய்த ஆள் ஒருவர். எந்த ஒப்பந்தமும் செய்யாத, தரையில் உருண்டு விளையாடுகிற பையனுக்கு வரம் போய்விட்டது. அதனால்தான் சாலியேரியின் சண்டை உண்மையில் மொஸார்ட்டோடு இல்லை, கடவுளோடு. மொஸார்ட்டின் மனைவி கொண்டுவந்த கையெழுத்துப் பிரதிகளில் ஓர் அடித்தல் திருத்தம்கூட இல்லை என்று பார்த்ததும், வீட்டுக்குப் போய்ச் சிலுவையைக் கழற்றித் தீயில் போடுகிறார். இனி நமக்குள் பகை என்று கடவுளிடமே சொல்லிவிடுகிறார். படத்தின் பெயரைக் கவனித்தீர்களா? ‘அமடேயஸ்’ மொஸார்ட்டின் பெயரில் ஒரு பகுதி. கடவுளின் அன்புக்குரியவன் என்பது அதன் பொருள். சாலியேரிக்கு வேண்டியது அந்தப் பெயர்தான்.

இதை நம்மால் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நேர்த்திக்கடன் வைத்து வளர்ந்தவர்கள் நாம். எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் கோயிலில் நிற்கும் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். நன்றியோடு வைக்கிற காணிக்கை ஒன்று. கணக்குப் பார்த்து வைக்கிற காணிக்கை இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பால்குடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நம்மைவிட அதிகம் கிடைக்கும்போது நம் மனம் என்ன பேசுகிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்று கீதை சொல்வதை மனப்பாடம் செய்கிறோம். சாலியேரி அதன் மறுபக்கம்: கடமை முழுக்கச் செய்தார், கண் முழுக்கப் பலன்மேல் இருந்தது.

அவருக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. இசையை உருவாக்கும் வரம் கொஞ்சமாகவும், அடுத்தவன் இசையை அறியும் வரம் முழுமையாகவும் கிடைத்தவர் அவர். வியன்னா முழுவதிலும் மொஸார்ட்டின் அருமையைச் சரியாகக் கேட்ட காது அவருடையதுதான். பேரரசருக்கே அந்த இசையில் சுரங்கள் அதிகமாகத் தெரிகின்றன! ‘டான் ஜொவான்னி’ நாடகம் ஐந்து முறைக்கு மேல் நடக்காதபடி செய்தவர் சாலியேரி. அந்த ஐந்து முறையும் ரகசியமாகப் போய் உட்கார்ந்து கேட்டவரும் அவரே. பொறாமைக்காரன் பொதுவாக அடுத்தவன் திறமையை மட்டம் தட்டுவான். இவரால் அது முடியவில்லை. அந்த நேர்மைதான் அவரை நாம் நம்பக் காரணம். ஆபத்தும் அதில்தான்.

பாடம் 3: சொல்கிறவன் பார்க்காததை எப்படிச் சொல்கிறான்?

இசையைப் பற்றி உண்மை சொல்கிறவர் மனிதனைப் பற்றியும் உண்மைதான் சொல்வார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். படத்தை இரண்டாவது முறை பாருங்கள். மொஸார்ட் வீட்டுக்குள் நடக்கும் சண்டைகள், அப்பா லியோபோல்டும் மருமகளும் முறைத்துக்கொள்ளும் நேரங்கள், படுக்கையறைப் பேச்சுகள். அங்கெல்லாம் சாலியேரி எங்கே இருந்தார்? வேவு பார்க்க ஒரு வேலைக்காரப் பெண்ணை அனுப்பினார், சரி. அவளால் எவ்வளவு சொல்லியிருக்க முடியும்? மீதியை நிரப்பியது யார்?

இதற்குப் படம் நேராகப் பதில் சொல்வதில்லை. ஆனால் ஒரு தடயம் விட்டிருக்கிறது: அந்தச் சிரிப்பு. மொஸார்ட்டின் கனைப்புச் சிரிப்பு சாலியேரிக்குக் கடவுளே தன்னைப் பார்த்துச் சிரிப்பது போலக் கேட்கிறது. படத்தின் கடைசி நொடியிலும், மொஸார்ட் செத்து 32 வருஷம் கழித்தும், அதே சிரிப்பு கேட்கிறது. அப்போது சிரித்தது யார்? அது சாலியேரியின் காதுக்குள் குடியிருக்கும் சிரிப்பு. அப்படியானால் படம் முழுக்க நாம் கேட்டதில் எவ்வளவு மொஸார்ட்டின் சிரிப்பு, எவ்வளவு சாலியேரியின் சிரிப்பு?

இந்த இடத்தில் எனக்கு மகாபாரதம் நினைவுக்கு வந்தது. ராஜசூய யாகத்துக்குப் போன துரியோதனன் மயன் கட்டிய மண்டபத்தில் தண்ணீரைத் தரை என்று நினைத்து விழுகிறான். சபா பருவத்தில் இந்தச் சம்பவம் நடக்கும்போது சிரித்தவர்கள் பீமன், அர்ஜுனன், நகுல சகாதேவர். பிறகு துரியோதனன் வீடு திரும்பி அப்பா திருதராஷ்டிரனிடம் இதையே சொல்கிறான். அப்போது கண்ணனும் சிரித்தான், திரௌபதியும் பெண்களோடு சேர்ந்து சிரித்தாள் என்கிறான். ஒரே சம்பவம்தான். புண்பட்டவன் வாயில் வரும்போது சிரித்தவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டது! அந்த அதிகப்படிச் சிரிப்பை நம்பித்தான் இன்றைக்கும் பலர் திரௌபதியின் சிரிப்பால் போர் வந்தது என்று பேசுகிறார்கள்.

துரியோதனன் வேண்டுமென்றே பொய் சொன்னான் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். ஆறு உட்பகைகளில் கடைசியாக மாற்சரியத்தை வைத்திருக்கிறார்கள். அது வந்தால் கண்ணும் காதும் முதலில் கெடும். நடந்ததைச் சொல்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு நாம் நடக்காததைச் சொல்வோம். திருக்குறளில் அழுக்காறாமைக்கென்று 17ஆம் அதிகாரம் முழுவதும் இருப்பது சும்மா இல்லை.

பாடம் 4: எதிராளிக்குப் போட்டியே தெரியாவிட்டால்?

மொஸார்ட்டுக்கு என்ன வேண்டும்? எழுத வேண்டும். கடன் அடைய வேண்டும். அப்பா ஒருமுறை மெச்ச வேண்டும். அவன் பட்டியலில் சாலியேரியை ஜெயிப்பது என்பதே இல்லை. அவனை வரவேற்க சாலியேரி எழுதிய மெட்டை ஒரே முறை கேட்டுத் திரும்ப வாசித்து, இந்த இடம் சரியாக வரவில்லையே என்று அவையிலேயே மாற்றிக் காட்டுகிறான். மரியாதை தெரியாத காரியம்தான். ஆனால் அவன் பார்வையில் அது விளையாட்டு. சாலியேரி பார்வையில் யுத்தப் பிரகடனம். இந்தப் போட்டியில் ஓடியது ஒருவர்தான்.

கடைசியில் சாவுப் படுக்கையில் மொஸார்ட் இரங்கற்பா இசையைச் சொல்லச் சொல்ல, சாலியேரி எழுதும் காட்சி வருகிறது. அந்த இசையைத் திருடித் தன் பெயரில் வெளியிடுவதுதான் சாலியேரியின் திட்டம். எழுத எழுத அவர் முகத்தைப் பாருங்கள். புரியவில்லை, வேகம் வேகம் என்கிறார், பிறகு புரிந்துவிடுகிறது, முகம் வெளிச்சமாகிறது. வாழ்நாளில் முதல் தடவையாக அந்த இசைக்குள்ளே போய்விட்டார். களைத்துப்போன மொஸார்ட், உங்களுக்கு என்னைப் பிடிக்காது என்று தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று அவரிடமே கேட்கிறான்.

கொல்ல வந்தவனிடம் சாகிறவன் மன்னிப்புக் கேட்கிறான். சாலியேரி சொல்லிவந்த கதை உடைவது இங்கேதான். அருகில் போய் உட்கார்ந்து எழுதிக்கொடுத்திருந்தால், பத்து வருஷமாக இந்த இன்பம் அவருக்குக் கிடைத்திருக்கும். எதிரி என்று கதை கட்டியதால் கிடைத்தது ஒரே ஓர் இரவு. இருந்தும் பாதிரியாரிடம் என்ன சொல்கிறார்? கடவுள்தான் மொஸார்ட்டைக் கொன்றார் என்கிறார். தன் கதையைக் கடைசிவரை அவரால் விடமுடியவில்லை.

நிஜ சாலியேரி

இப்போது படத்தை மூடிவிட்டு வரலாற்றைப் பார்ப்போம். மொஸார்ட் 1791 டிசம்பர் 5ஆம் தேதி, 35 வயதில் நோயால் இறந்தார். சாலியேரி அவரைக் கொன்றதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. படத்தின் மையமான பிரம்மசரிய வேண்டுதலும் கற்பனை. நிஜ சாலியேரி கல்யாணம் செய்து எட்டுப் பிள்ளைகள் பெற்றவர். பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் ஆகியோருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். மொஸார்ட்டின் இளைய மகனுக்கும் அவர் கற்றுக்கொடுத்தார். வேலைக்கான போட்டியும் கடிதங்களில் புகார்களும் இருந்தன என்பது உண்மை. ஆனால் இறப்பதற்கு இரண்டு மாதத்துக்கு முன் மொஸார்ட் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், தன் ‘மந்திரப் புல்லாங்குழல்’ நாடகத்துக்கு சாலியேரியை அழைத்துப் போனதையும் அவர் மனமாரப் பாராட்டியதையும் சந்தோஷமாகச் சொல்கிறார். 1785இல் இருவரும் சேர்ந்து இசையமைத்த ஒரு சிறு பாடல், காணாமல் போய்விட்டது என்று நினைத்திருந்தது, 2015இல் பிராக் நகரில் கிடைத்தது.

கிழவராக இருந்த சாலியேரியைப் பற்றி வியன்னாவில் ஒரு வதந்தி கிளம்பியது. 1830இல் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் அதை வைத்து நாடகம் எழுதினார். பிறகு ஷாஃபர், பிறகு ஃபோர்மன். எல்லாம் அருமையான கலை. ஆனாலும் ஒரு நிஜ மனிதரை இன்று உலகம் பொறாமைக்காரன் என்றே நினைவில் வைத்திருக்கிறது. அவர் பக்கக் கதையைச் சொல்ல அவர் இல்லை. புலனக் குழுவில் ஒருவரைப் பற்றி ஒரு வரி போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொண்டால் நல்லது.

என் கதையின் மீதி

இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்த நண்பனைத் தேடிப் பிடித்தேன். மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே கேட்டேன்: “அன்னைக்கு ஏன்டா என்னைப் பார்த்துச் சிரிச்ச?”

அவனுக்கு நினைவே இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தான். “சிரிச்சேனா? பயத்துல பல்லக் காட்டியிருப்பேன்டா. மூணாவது வரி மறந்துபோய், பாட்டி சொல்லிக் கொடுத்தத வச்சு எப்படியோ சமாளிச்சேன். உன் உச்சரிப்பு எனக்கு வராதுன்னு வீட்ல அன்னைக்கும் பேச்சுதான்.”

படுத்த படுக்கையாக இருந்த பாட்டிக்குத் தினமும் ராத்திரி தேவாரம் பாடுவானாம். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாளில்தான் சமய வகுப்புக்கு வரவில்லை. ‘பயிற்சியே பண்ணாதவன்’ என்று நான் பத்து வருஷம் சொன்ன ஆள் இவன். நான் பார்க்காத இடத்தையெல்லாம் என் கோபம் நிரப்பி வைத்திருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். “விடுடா, காசு நீ கொடுத்துடு” என்றான். கொடுத்தேன்.

கலந்துரையாடலுக்கு

குழுவாகப் பார்ப்பதென்றால் 1984இல் வந்த பதிப்பே போதும். சுமார் 160 நிமிஷம். 2002இல் வந்த நீண்ட பதிப்பில் இளையோருக்குப் பொருந்தாத காட்சி உண்டு. பார்த்த பிறகு இவற்றைப் பேசுங்கள்:

1. சாலியேரி நேரில் பார்த்த காட்சிகள் எவை, பார்த்திருக்க முடியாத காட்சிகள் எவை? இரண்டு பட்டியல் போடுங்கள்.

2. இதே கதையை மொஸார்ட்டின் மனைவி கான்ஸ்டான்ஸே சொல்லியிருந்தால் எந்தக் காட்சியில் தொடங்கியிருப்பார்?

3. பாதிரியார் படம் முழுக்கக் கேட்கிறார். தொடக்கத்திலும் முடிவிலும் அவர் முகம் எப்படி இருக்கிறது? அவர் நம்பியது எதை?

4. உங்கள் வேண்டுதல்களில் நன்றி எது, பேரம் எது? இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

5. நீங்கள் அடிக்கடி சொல்லும் ‘அவன் இப்படிச் செய்தான்’ கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கதையை அவன் சொல்வது போல ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால், அவனிடம் கேட்க வேண்டியது ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். போய்க் கேட்டுவிடுங்கள். 32 வருஷம் காத்திருக்க வேண்டாம்.